ஏழாம் எண்ணின் கருணை

அறுபதைத் தாண்டி கோல்ஃபுக்குத் திரும்புகிறவர், மலிவு விலை அயர்ன் மட்டை செட்டில் ஏழாம் எண்ணை எடுத்து ஓங்கி அடிக்கிறார். பந்து இளமைக் காலத்தைவிடத் தூரம் போகிறது! முழங்கால் வலிகூட மறந்துவிடுகிறது.

1980களில் ஏழாம் அயர்னின் முகச்சாய்வு சுமார் 35 டிகிரி. இன்று பல செட்டுகளில் 29, 30. சாய்வு குறைந்தால் தூரம் கூடும்; ஆக இது ஏறக்குறைய அன்றைய ஐந்தாம் அயர்ன்தான். அடியில் ஏழு என்று பொறித்திருக்கிறது, அவ்வளவே.

குறுந்தூர அடிக்கான பிட்சிங் வெட்ஜும் இதே வழியில் 48லிருந்து 43, 44க்கு இறங்கிவிட்டது. அதற்கும் அடுத்த வெட்ஜுக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை நிரப்ப இன்னொரு வெட்ஜ் வேண்டும். பல செட்டுகளில் அது வராது, தனிக்காசு. பையில் 14 மட்டைக்கு மேல் கூடாது என்று விதி இருப்பதால் பர்ஸ் பிழைத்தது.

ஆனாலும் குறை சொல்வதற்கில்லை. வயதைக் குறைத்துக் காட்ட தலைமுடிச் சாயத்துக்குக்கூட மாதாமாதம் செலவு உண்டு. இதற்கு ஒரே தவணை.