புல்தரை வட்டங்கள்: ஒரு பூர்வாங்க ஆய்வு

வீட்டுப் புல்தரையில் தோன்றும் பழுப்பு வட்டங்களைப் பற்றி இருவகைக் கொள்கைகள் நிலவுகின்றன. தோட்டக்காரர் ஒழுங்காகத் தண்ணீர் விடவில்லை என்பது வீட்டுக்காரர் கொள்கை. நாய்தான் காரணம் என்பது தோட்டக்காரர் கொள்கை. நாயின் தரப்பு முழுக்க வாய்மொழி வழக்காகவே இருப்பதால் ஏட்டில் ஏறவில்லை.

களச் சான்று தோட்டக்காரர் பக்கமே சாய்கிறது. ஆனால் வட்டத்தைக் குனிந்து பார்த்தவர் சிலரே. நடுவில் வைக்கோல் நிறம்; விளிம்பிலோ மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாகச் செழித்த ஒரு வளையம். நாயின் சிறுநீரில் யூரியாவும் உப்புகளும் உண்டு. அளவு மீறி விழுந்த நடுப்பகுதி கருகுகிறது. ஓரத்தில் நீர்த்துப் பரவியது உரமாகிறது. 46 சதவீத நைட்ரஜன் கொண்ட கடை யூரியாவைக் கைநிறைய அள்ளி ஒரே இடத்தில் கொட்டினாலும் இதே கதிதான். ஆக, நாய் அழிப்பதில்லை. கணக்குப் பாராமல் உரமிடுகிறது.

பெட்டை நாய் உட்கார்ந்து முழுத்தொகையையும் ஒரே இடத்தில் செலுத்திவிடும். வளர்ந்த கடுவன் காலைத் தூக்கி கேட், பூந்தொட்டி, ஸ்கூட்டர் சக்கரம் என்று தவணை முறையில் அடைக்கும். இதை வைத்துப் பெண்ணினத்தைப் பழிப்பதற்கில்லை. ஆண் குட்டிகளும் உட்கார்ந்தே போகின்றன.

திசை பற்றியும் ஆய்வு உண்டு, நம்புங்கள். செக், ஜெர்மன் ஆய்வாளர்கள் 70 நாய்களைப் பின்தொடர்ந்து 1,893 மலங்கழிப்புகளையும் 5,582 சிறுநீர் கழிப்புகளையும் பதிவுசெய்தனர். பூமியின் காந்தப்புலம் அமைதியாக இருக்கையில் நாய்கள் வடக்கு தெற்காக உடம்பை வைத்து மலங்கழிக்க விரும்புகின்றன என்று 2013-இல் அறிவித்தனர். மறு ஆண்டே, வேடிக்கையான ஆய்வுகளுக்கு வழங்கும் இக் நோபல் பரிசு கிடைத்தது. வாஸ்து நிபுணர்கள் மௌனம் காப்பது வியப்பே.

பரிகாரத்துக்கு வருவோம். சிறுநீரின் அமிலமே காரணம் என்றெண்ணி நாய்ச்சோற்றில் தக்காளிச் சாறும் ஆப்பச் சோடாவும் கலப்போர் உளர். குற்றவாளி அமிலமல்ல, கூடுதல் சோடியத்தால் நாய்க்குத்தான் கெடுதல். போன கையோடு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுவதே சிறந்த வழி. மூலையில் கொஞ்சம் மணலோ சரளையோ கொட்டி நாயை அங்கே பழக்கினால் இன்னும் நல்லது. கருகிய திட்டு அருகம்புல் என்றால் கவலை வேண்டாம், பக்கத்திலிருந்து ஓடிவந்து மூடிக்கொள்ளும். பிள்ளையாருக்குச் சாத்தும் அந்த இனம்தான் உலகின் பல கோல்ஃப் மைதானங்களிலும் விரிந்து கிடக்கிறது. சதுர அடிக் கணக்கில் வாங்கிப் பதித்த கொரியன் புல்லோ நிதானமாகத்தான் வளரும்.

எஞ்சியிருப்பது வாளி ஏந்துவது யார் என்ற நிர்வாகச் சிக்கல். நாய் வேண்டும் என்று அடம்பிடித்தவரே ஏந்த வேண்டும் என்பது நியாயம். ஆனால் அந்த நேரம் பார்த்து அவர் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பார்.