கதண்டும் கேமராவும்

கதண்டை நெருங்கிப் படம் எடுக்க ஆசை. எவ்வளவு கிட்டே போகலாம்?

எங்கே இருக்கும் கதண்டை? பூவில் தேன் குடிப்பதற்கு உங்களைக் கவனிக்க நேரமில்லை. மேக்ரோ லென்ஸோடு மெதுவாக நகர்ந்தால் ஒரு சாண் தூரம்கூடப் போகலாம். கூட்டில் இருப்பதற்கோ உங்கள் மூச்சுக்காற்றும் கிளையின் அசைவுமே போர் முரசு. அங்கே தூரத்தைக் கடக்க வேண்டியது டெலி லென்ஸ், கால்கள் அல்ல.

கொட்டாத கதண்டு உண்டா?

உண்டு. ஆண்கள் எல்லாரும்! முட்டையிடும் உறுப்புதான் கொடுக்காக மாறியது. ஆகவே அது பெண்ணிடம் மட்டுமே இருக்கிறது. பெண் கதண்டு தேனீபோல ஒரு கொட்டோடு உயிரை விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும்.

வீட்டுத் தென்னையில் பெரிய கூடு. கொளுத்திவிடலாமா?

கொளுத்தியதும் முதலில் யார் இறங்கி வருவார்கள், நெருப்பா, கதண்டா?

ஆள் நடமாடும் இடமென்றால் தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள். ஒதுக்குப்புறமென்றால் விட்டுவிடுங்கள். மரநாரை மென்று காகிதமாக்கிக் கட்டிய வீடு அது. அதனுள்ளே வளரும் புழுக்களுக்கு ஊட்டத்தான் கதண்டு நாள் முழுக்கப் பூச்சி வேட்டையாடுகிறது. ஜெர்மனியில் ஐரோப்பியக் கதண்டுக்கு 1987 முதல் சட்டப் பாதுகாப்பே உண்டு. காரணமின்றிக் கொன்றால் அபராதம்.

கொட்டினால் சுண்ணாம்பு போதுமா?

ஒவ்வாமையைச் சுண்ணாம்பு நிறுத்துமா? மூச்சுத் திணறினாலோ, முகம் வீங்கினாலோ, பல இடங்களில் கொட்டியிருந்தாலோ உடனே 108-ஐ அழையுங்கள்.