வாழைக்கு வைக்கோல் போர்த்தும் கனவான்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன், கார்ன்வால் என்னும் கடலோரப் பிரதேசங்களில், தம் வீடு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐம்பது பாகையில் இருக்கிறதென்று யாராவது நினைவூட்டினால் குலத்தையே தூஷித்துவிட்டதுபோல் முகம் சிவக்கும் கனவான் ஒருவரை ஊருக்கு ஊர் காணலாம். அட்லாண்டிக் சமுத்திரத்தின் வெப்ப நீரோட்டத்தை அவர் தமது பிதுரார்ஜித சொத்தாகவே பாவிப்பார். 1834-இல் சில்லித் தீவுகளைக் குத்தகைக்கு எடுத்த அகஸ்டஸ் ஸ்மித் என்பவர், அவற்றில் ஒன்றான டிரெஸ்கோவில் உஷ்ணதேசத்துச் செடிகளையெல்லாம் வைத்துச் செழிக்கச் செய்த சரித்திரத்தை, கேட்டாலும் கேளாவிட்டாலும் சொல்லுவார். 1987 ஜனவரியில் அதே தோட்டத்தின் பெரும்பகுதியைப் பனி கருக்கியதே என்று நாம் இழுத்தால், அந்த க்ஷணமே அவருக்குக் காது மந்தமாகிவிடும்.

அவருடைய இஷ்டதெய்வம் வாழை. பாஸ்ஜூ என்னும் அந்த ஜாதி, சீனத்தில் பிறந்து ஜப்பானில் பெயர் பெற்றது. அதன் காய் விதையும் துவர்ப்புமாய் வாயில் வைக்க உதவாது. பூவை ஆய்ந்து சமைக்கவோ, தண்டை நறுக்கி மோரில் போடவோ, இலையை விரித்துச் சோறு பரிமாறவோ இங்கிலாந்து தேசத்தாருக்கு வழக்கமில்லை. ஆகவே, வாழை வாழையாக நிற்பதைத் தவிர வேறு பலன் எதையும் கோராத இந்த நிஷ்காம்ய பக்தியை, முற்றத்து வாழையைத் தாரோடு சாய்த்து விற்கும் நம்மவர்கள் பரிகசிக்க யோக்கியதை உடையவர்களல்லர்.

நவம்பரில் தண்டைச் சுற்றிக் கம்பி வலை கட்டி வைக்கோலைத் திணிப்பார்; மரப்பெரணியின் உச்சிக்கும் அதே உபசாரம். ஐரோப்பியக் குடியானவர்கள், மே மாதம் 11 முதல் 13 வரை வரும் பனிப் புனிதர்களின் திருநாட்கள் கழியும்வரை இளஞ்செடிகளை வெளியே வையார்கள். நம் கனவானோ, ஏப்ரலில் சேர்ந்தாற்போல் நாலு நாள் வெயில் அடித்ததும் வைக்கோலை உருவிக் குப்பையில் போட்டுவிடுவார். பிறகு, மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவில், அவர் நட்சத்திரங்களை வியந்துவிட்டு உறங்கப் போனபின், மண்ணின் உஷ்ணமெல்லாம் ஆகாயத்தில் கரைந்துபோக, கனத்த குளிர்காற்று சரிவில் மெல்ல இறங்கி, கடற்காற்றைத் தடுக்க அவரே வளர்த்த அடர்ந்த வேலியில் முட்டி, அப்பால் செல்ல வழியின்றி அவர் தோட்டத்திலேயே வாசம் செய்யும். விடிந்ததும் பார்த்தால், வாழைக்குருத்து வேகவைத்த கீரையாய்த் தொங்கும். பெரணியின் சுருள்கள் கறுத்திருக்கும். கல்வாழை மண்ணில் படுத்திருக்கும். அடுத்த வீட்டுக்காரரின் முட்டைக்கோஸ் மட்டும் அநாகரிகமான ஆரோக்கியத்தோடு விளங்கும்.

உண்மையில், அன்றுதான் அவருக்கு வசந்தம் பிறக்கிறது. விவசாயி வைத்தியராகிறார். கட்டைவிரல் நகத்தால் பட்டையைக் கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்ப்பார். பனையின் நடுக்குருத்தைப் பிடித்து மெல்ல இழுத்து, அது கையோடு வராதிருக்க மூச்சை அடக்குவார். கருகிய இலைகளைக் கழிக்கவிடார். பனிப் பயம் முற்றும் நீங்கும்வரை அவையே கீழுள்ள மொட்டுகளுக்குக் கவசம் என்பார், அது நியாயமும்கூட. வாழைத் தண்டை மட்டும், அழுகல் நீங்கி வெண்மையான சதை காணும்வரை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டே இறங்குவார். சில வருஷங்களில் அந்தச் சிகிச்சை தரைமட்டத்தில் போய்த்தான் நிற்கும்.

ஜூன் கடைசியில் கிழங்கிலிருந்து பக்கக்கன்றுகள் கிளம்பும். ஒன்றிருந்த இடத்தில் மூன்று! பனி பெய்ததே நல்லதாயிற்று என்று அவர் சாதிக்கத் தொடங்குவார். ஆகஸ்டில் அந்த இலைகளின் கீழே கம்பளிச் சட்டையோடு விருந்தாளிகள் உட்கார்த்தி வைக்கப்படுவர்; கதை ஆரம்பமாகும். மே மாதத்தில் மைனஸ் இரண்டு டிகிரியாக இருந்த அந்த இரவு, ஜூலையில் மைனஸ் நான்காகி, அக்டோபர் முடிவதற்குள் மைனஸ் ஏழுக்கு இறங்கிவிடும். ஏழு டிகிரியைத் தாங்கிய வாழைக்கு இந்த வருஷம் வைக்கோல் எதற்கு என்று அவர் இப்போது மனைவியிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்.