பாட்டுக்காரர் வித்துவான் ஆகும் இலக்கணம்

பாப் பாட்டும் சினிமாப் பாட்டும் பாடுகிறவரை மெய்யான சங்கீதக்காரர் என்று எப்போது ஒப்புக்கொள்வது? கல்யாண வரவேற்புகளில் நெடுங்காலமாகத் தீராத இவ்வழக்கைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம். ஆய்வுக்களம்: முன்வரிசை நாற்காலி. ஆய்வுத்துணை: என் பெரியப்பா.

பெரியப்பா வகுத்த இலக்கணம் மூன்று. முதலாவது, முறையாகப் பயின்றிருத்தல். இது நிற்காது. பீட்டில்ஸ் நால்வருக்கும் இசைக்குறிப்பு எழுதப் படிக்கத் தெரியாது. கர்நாடக சங்கீதம் முறையாகப் பயிலாத எஸ்.பி.பி., 'சங்கராபரணம்' படத்தில் பாடித் தேசிய விருதே வாங்கினார்.

இரண்டாவது, கையில் வாத்தியம் இருத்தல். கிட்டார் தோளில் தொங்குகிறதா, வாசிக்கப்படுகிறதா என்பதை ஸ்பீக்கர் காட்டிக்கொடுப்பதில்லை. எனவே இதுவும் தள்ளுபடி.

மூன்றாவது, சுருதி பிசகாமை. 1997-க்குப் பிறகு இதுவும் ஐயத்துக்குரியது. எண்ணெய் வளம் தேட நில அதிர்வலைகளை அலசிய ஆண்டி ஹில்டபிராண்ட், அந்தக் கணக்கைக் குரல் பக்கம் திருப்பி ஆட்டோ-டியூனைக் கொண்டுவந்தார். பூமிக்கடியில் இருந்ததைத் தேடிய கணக்கு, தொண்டையில் இல்லாததையும் தேடிக் கொடுக்கிறது.

ஆகவே நான்காவது இலக்கணம் ஒன்று வேண்டும். அதற்கு எதிர்மறைச் சான்று, மில்லி வனில்லி என்னும் பாப் இரட்டையர். 1989-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் அவர்கள் வாயசைத்துக்கொண்டிருந்தபோது ஒலிப்பதிவு சிக்கி, ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அரைத்தது. ஒருவர் மேடையை விட்டே ஓடினார். 1990-இல் கிராமி விருது வாங்கினார்கள்; பாடியது வேறு ஆட்கள் என்பது அம்பலமாகி, அதே ஆண்டு அது பறிபோனது.

நேர்ச்சான்று போன மாதம் ஒரு மண்டபத்தில் கிடைத்தது. லைட் மியூசிக் பாடகர் செல்போனைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தார். சரணத்தில் யாரோ கூப்பிட, வரிகள் மறைந்தன. மைக்கருகே போன் 'ர்ர்ர்' என்று அதிர்ந்தது மண்டபம் முழுக்கக் கேட்டது. அவர் ஓடவில்லை. கண்ணை மூடி, அதே மெட்டில் ஆகாரமாக இழுத்து, தாளம் தப்பாமல் இரண்டு சுற்று வந்து, போன் ஓய்ந்ததும் விட்ட சொல்லைச் சரியான இடத்தில் பிடித்தார்.

தொடையில் தாளம் போட்டபடி பெரியப்பா என் பக்கம் சாய்ந்தார். "பாத்தியா கற்பனையை? வித்துவான்டா!"

முட்டுக்கொடுத்தது சரிந்த பிறகும் பாட்டு விழாமல் நிற்பதே இலக்கணம் என்பது இதனால் பெறப்படும். ஐயமுள்ளோர், கச்சேரிக்குப் போகுமுன் பாடகரின் செல்போன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்க.