மூன்றாம் தாள்

தகவல் தொடர்பியலில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர் முதலில் தெரிந்துகொள்வது, அங்கே யாரும் யாருக்கும் தகவல் சொல்வதில்லை என்பதைத்தான். கோர்ஸ்வொர்க் வகுப்புகள் எப்போது என்று துறையில் கேட்டால் ஆய்வுப் பிரிவைக் கை காட்டுவார்கள். ஆய்வுப் பிரிவில், "சர்குலர் வரும்மா." வந்தது, கட்டணம் கட்டும் கடைசி நாளுக்கு மறுநாள்.

பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் இந்த வகுப்புகளைக் கட்டாயமாக்கியது. 2016-இல் 8 முதல் 16 கிரெடிட் என்றது. 2022-இல் குறைந்தது 12 என்றது. தேற 55 சதவீதம் வேண்டும்.

என் தலைப்பு, வாட்ஸப் வதந்தி பரவும் விதம். ஊடகம், கணினி, நூலகவியல் மூன்றும் வேண்டும். கணினித் துறையில், "ஆர்ட்ஸ் பொண்ணுக்குப் பைத்தான் எதுக்கு?" நூலகவியலில், "எங்க ஸ்காலருக்கே நாற்காலி இல்லை." கைடு தேற்றினார்: "இண்டர்டிசிப்ளினரின்னு தலைப்புல இருந்தாப் போதும்மா. உள்ளே எதுக்கு?"

மூன்றாம் தாள் கைடின் தாள். பாடத்திட்டத்தை நான் தட்டச்சு செய்தேன். டாக்டரல் கமிட்டி மீட்டிங்குக்குச் சமோசா நான் வாங்கினேன். குழு அலசி ஆராய்ந்து எழுத்தின் அளவைக் கூட்டச் சொன்னது. பிறகு கைடு, "கொஸ்டின் பேப்பரும் நீயே போட்டுடு. சப்ஜெக்ட் உனக்குத்தானே தெரியும்?" பாடம் வகுத்தவள், கேள்வி போட்டவள், விடை எழுதியவள் எல்லாம் நானே. மார்க் மட்டும் அவர் போட்டார்: 62. மீதி 38 எதில் போனது என்று இன்றுவரை விளங்கவில்லை.

சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. 55 வாங்காதவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எழுத வந்த கை, பாடம் நடத்தாதவர் எங்கே போக வேண்டும் என்று எழுத ஏன் கூசுகிறது? வகுப்பு நடந்ததற்கு அத்தாட்சி, வருகைப் பதிவேட்டில் என் 48 கையெழுத்துகள். ஒரே மதியம், ஒரே பேனா, பக்கத்தில் கைடு திருத்த வேண்டிய இளங்கலை விடைத்தாள் கட்டு. அதையும் நான்தான் திருத்தினேன்.

கடைசியாக ஆய்வு அறத் தாள். 2 கிரெடிட், 30 மணி நேரம். அறம் மணிக்கணக்கில் கிடைக்கிறது என்பதே நல்ல செய்தி. வினாத்தாளைப் பிரித்தேன். போன வருஷத்துத் தாள், போன வருஷத்து எழுத்துப்பிழைகளோடு. ஆண்டை மட்டும் மாற்றியிருந்தார்கள்.

ஐந்தாம் கேள்வி: கருத்துத் திருட்டுக்கான தண்டனைகளை விளக்குக.

2018 விதிப்படி 10 சதவீதம் வரை பாதகமில்லை, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து என்று எழுதி, அடிக்கோடும் இட்டேன்.