போட்ட காசை எடுப்பவர்

குடிகாரர் என்று சொன்னால் இவருக்குக் கோபம் வரும். நியாயமான கோபம்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் ஆறு பீர் வாங்கி வைத்தால் அது தீர இரண்டு மாதம் ஆகும். தமிழ்ச் சங்க விழாவில் மோர்ப்பந்தலுக்குப் பொறுப்பு இவர்தான். ஹூஸ்டனில் ஐடி வேலை, புறநகரில் வீடு, இரண்டு பிள்ளைகள். இப்படிப்பட்ட மனிதர், கால்வெஸ்டன் துறைமுகத்தில் உல்லாசக் கப்பல் ஏறி, மெக்சிகோவின் கோஸுமெல் தீவுக்குப் போய் நாலு ராத்திரியில் திரும்புவதற்குள் ஆளே மாறிவிடுகிறார். மதுவைக் குறை சொல்லாதீர்கள். மதுவுக்கு முன்பணம் கட்டியதால் வந்த வினை.

டிக்கெட் எடுத்த அன்றே எக்செல் தாளில் கணக்கு தொடங்கிவிடும். நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டுக் குடித்துக்கொள்ளும் டிரிங்க்ஸ் பாக்கேஜின் விலை கப்பலுக்குக் கப்பல், தேதிக்குத் தேதி மாறும். நாளொன்றுக்கு 60 டாலரும் உண்டு, 100 டாலரைத் தாண்டுவதும் உண்டு. ஏறிய பிறகு வாங்கினால் இன்னும் கூடுதல். ஆகவே ராத்திரி பதினொரு மணிக்கு மனைவி தூங்கிய பிறகு, பங்குச் சந்தை பார்ப்பவரின் முகபாவத்தோடு விலையை வேவு பார்ப்பார். 80 டாலர் என்று வைத்துக்கொள்வோம். சேவைக் கட்டணம் 18 சதவீதம் என்று வைத்துச் சேர்த்தால் 94 டாலர் 40 காசு. தனியாக வாங்கினால் ஒரு காக்டெயில் 14 டாலர், சேவைக் கட்டணத்தோடு பதினாறரை. வகுத்துப் பார்த்தால் விடை ஆறுக்குக் கொஞ்சம் கீழே நிற்கும்.

"மச்சி, ஒரு நாளைக்கு ஆறு அடிச்சா போட்டது வந்துரும்டா. ஏழாவதுலேர்ந்து லாபம்!"

ஏழாவது உள்ளே போனபின் லாபத்தை எண்ணுவதற்கு யார் நிதானத்தோடு இருக்கப் போகிறார்கள் என்பதை அந்த எக்செல் தாள் கேட்பதில்லை.

அடுத்த சிக்கல் மனைவி. ஒரே அறையில் தங்கும் 21 வயது தாண்டிய எல்லோரும் பாக்கேஜ் வாங்கியாக வேண்டும் என்பது விதி. ஒருத்தர் வாங்கி ரெண்டு பேர் குடித்தால் கம்பெனி என்ன ஆவது?

"நான் மோர்ல கூட ஐஸ் போட்டுக்க மாட்டேன். எனக்கு எதுக்குங்க எண்பது டாலர்?"

இதற்கும் நம்மவர்கள் வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். இரண்டு குடும்பம் சேர்ந்து போனால் ஆண்கள் இருவரும் ஓர் அறை, பெண்கள் இருவரும் ஓர் அறை என்று பதிவு செய்துகொள்வது. கல்யாண நாளைக் கொண்டாடத்தான் இந்தப் பயணமே என்பதை அந்த நேரத்தில் யாரும் நினைவுபடுத்தக் கூடாது. நம் கதாநாயகரின் நண்பர் கடைசி நிமிடத்தில் லீவு கிடைக்காமல் கழன்றுகொண்டதால், இவர் இரண்டு பேருக்கும் சேர்த்தே கட்டினார். அன்றிலிருந்து மனைவியை ஒரு நஷ்டமாகவே பார்க்கத் தொடங்கினார்.

கப்பலேறிய முதல் நாள் பேரிடி. இவர் வாங்கிய கார்னிவல் நிறுவனத்தின் 'சியர்ஸ்' பாக்கேஜ், கால்வெஸ்டன் போன்ற டெக்சாஸ் துறைமுகத்திலிருந்து கிளம்பும் கப்பல்களில் இரண்டாம் நாள்தான் உயிர் பெறும். அந்த மாநிலத்து மதுச் சட்டம் அப்படி. முதல் நாளுக்குக் காசு வாங்குவதில்லை என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனாலும் அன்று மாலை கப்பல் கரையை விட்டு நகரும்போது மேல்தளமே பாட்டும் கூத்துமாக இருக்க, இவர் மட்டும் எலுமிச்சைத் தண்ணீரோடு நிற்பார். ஆளுக்கு 750 மில்லி ஒயின் பாட்டில் ஒன்று கொண்டுவரலாம் என்று விதி இருப்பதால் இரண்டு பாட்டிலைச் சுமந்து வந்திருக்கிறார். இருவருக்குமே ஒயின் பிடிக்காது. அனுமதித்திருக்கிறார்களே, விடலாமா?

மறுநாள் விடிந்தது. காலை ஒன்பது மணிக்கு ப்ளடி மேரி. ஒரு வாய் குடித்துவிட்டு, "தக்காளி ரசத்துல வோட்காவை ஊத்தின மாதிரி இருக்கு" என்றார். ஆனாலும் கிளாஸைக் காலி செய்தார். போனை எடுத்து 'ஒன்று' என்று குறித்தார். பதினோரு மணிக்கு பினா கொலாடா. அதில் பாதி தேங்காய்ப் பாலும் ஐஸும், வயிறு நிறைந்துவிட்டது. பழம் தின்று கொட்டை போட்டவர்கள் கூழாக அரைத்த பானங்கள் பக்கமே போகமாட்டார்கள். இடத்தை அடைக்கும், கணக்கு முன்னேறாது. இதெல்லாம் இரண்டாவது பயணத்தில் வருகிற ஞானம்.

இன்னொரு குறை சைடு டிஷ். கப்பலில் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. பீட்சா, பர்கர், மலைமலையாக இனிப்பு. ஆனால் மிளகு போட்ட வறுவல் எங்கே? நல்லவேளை, ஹூஸ்டன் ஹில்க்ராஃப்ட் சாலை இந்தியக் கடையில் வாங்கிய மிக்சர் பாக்கெட் இருந்தது. பார் மேசையில் இவர் அதைப் பிரித்ததும் பக்கத்து ஸ்டூல் அமெரிக்கர் ஒரு பிடி அள்ளினார். பதிலுக்கு அவர் ஒரு ரவுண்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். இவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஓசியில் வந்த பானம் பாக்கேஜ் கணக்கில் சேராதே!

24 மணி நேரத்துக்கு 15 பானம் என்று கார்னிவலில் உச்சவரம்பு. காலை ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஆறு வரை. ஒரு நேரத்தில் ஒன்றுதான். அடுத்ததற்கு ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். இது ஆளைக் காப்பாற்றப் போட்ட வேலி. நம்மவரோ அதை ரேஷன் கார்டில் வந்த ஒதுக்கீடாக எடுத்துக்கொள்கிறார். வாங்காமல் விட்டால் வேறு யாரோ கொண்டுபோய்விடுவார்கள். மதியம் இரண்டு மணிக்கு, நாலாவதோடு, வெயிலில் சாய்வு நாற்காலியில் குறட்டை. ஆறரைக்கு எழுந்து, "நாலரை மணி நேரம் போச்சே!" என்று பதறியடித்துக்கொண்டு ஓடினார். காபியும் தண்ணீர் பாட்டிலும் கூட பாக்கேஜில் சேர்த்தி, அவற்றுக்கு உச்சவரம்பும் இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது. அன்றிரவு அறைக் கட்டிலடியில் தண்ணீர் பாட்டில்கள் அணிவகுத்தன.

மூன்றாம் நாள் கோஸுமெல். பவளப் பாறைகளுக்கு நடுவே முக்குளிக்க உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வருகிற தீவு. உள்ளே சான் ஹெர்வாசியோ என்ற மாயர் காலத்துச் சிதைவுகள், இஷ்செல் என்ற தாய்த் தெய்வத்தின் தலம். மனைவியும் பிள்ளைகளும் அதிகாலையிலேயே தயார். இவர் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. பாக்கேஜ் கப்பலுக்குள்தான் செல்லும். கரையில் இறங்கும் ஒவ்வொரு மணி நேரமும் மீட்டர் ஓடுகிறது, சவாரி இல்லை.

"எட்டு மணி நேரம் கரையிலயா? பன்னெண்டுக்குத் திரும்பிடலாமா?"

"கடலைப் பார்க்க வந்தோமா, கணக்கு பார்க்க வந்தோமா?"

கடைத்தெருவில் டெக்கிலாக்காரர்கள் மாதிரிக்கு இலவசமாக ஊற்றித் தந்தார்கள். மூன்று சின்னக் கிளாஸ் உள்ளே போயிற்று. அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று புரியாமல் தாளில் புதிய பத்தி திறந்தார். உற்சாகத்தில் இரண்டு பாட்டில் வாங்கினார். கப்பல் வாசலில் அவற்றை வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசி ராத்திரிதான் கைக்கு வரும், கால்வெஸ்டனில் இறங்கும்போது மாநில வரி வேறு.

மாயர்களைக் குடும்பத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு ஒரு மணிக்கே இவர் கப்பலில் இருந்தார். மேல்தளத்தில் ஈ, காக்கை இல்லை. நீச்சல் குளத்தில் தண்ணீர் மட்டும். இவரும், பாலித் தீவிலிருந்து ஒப்பந்தத்தில் வந்திருக்கும் பார்க்காரப் பையனும். அவன் "குடும்பம் எங்கே சார்?" என்று கேட்டான். கரையில் என்று சைகை காட்டினார். தன் பெண் குழந்தையைப் பார்த்து ஐந்து மாதம் ஆகிறது என்று அவன் போனில் படம் காட்டினான். இவர் அரை மணி நேரம் அடுத்ததைக் கேட்கவே மறந்துபோனார். பயணத்திலேயே உருப்படியாகக் கழிந்த அரை மணி அதுவாகத்தான் இருக்கும். தாளில் அதற்குப் பத்தி கிடையாது.

கடைசி நாள் கடலிலேயே. தணிக்கை தொடங்கியது. இவர் கணக்கு எப்படியோ தேறிவிட்டது. மனைவி பத்தியில்: காபி மூன்று, மது சேர்க்காத மொஹீட்டோ ஒன்று.

"எனக்காக ஒரே ஒண்ணு. ஸ்ட்ராபெரி போட்டது, ஜூஸ் மாதிரிதான் இருக்கும்."

பாவம் என்று வாங்கி ஒரு உறிஞ்சு உறிஞ்சினாள். முகம் கோணியது. கிளாஸை இவர் பக்கம் தள்ளினாள். இவர் கை நீட்டினார். பார்க்காரர் நிமிர்ந்து பார்த்தார். அடுத்தவர் கணக்கில் வாங்கியதைக் குடிப்பது விதிமீறல். பாக்கேஜையே ரத்து செய்யலாம். கை பின்வாங்கியது. ஐஸ் உருகி, சிவப்புத் தண்ணீராக மாறும் வரை தம்பதிகள் இருவரும் அந்தக் கிளாஸைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள்.

கம்பெனியைத் திட்டவும் முடியாது. ஒருவர் பதினைந்தைத் தொடுவார், இன்னொருவர் மூன்றோடு படுத்துவிடுவார், மூன்றாமவரின் மனைவி காபி குடிப்பார். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துத்தான் விலை போட்டிருக்கிறார்கள். அவர்களிடமும் எக்செல் இருக்கிறது. அதைப் போடுகிறவர் நிதானமாக இருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

கால்வெஸ்டனிலிருந்து வீட்டுக்குக் காரை மனைவிதான் ஓட்டினாள். பக்கத்து சீட்டில் தலையைப் பிடித்தபடி போனைத் தடவிக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார்.

"இங்க பாரு, நார்வேஜியன் கப்பல்ல சில சமயம் பாக்கேஜே ஃப்ரீயாம். சேவைக் கட்டணம் மட்டும் கட்டினா போதும்."

"நல்லதுங்க. நானும் பசங்களும் ஒரு ரூம். நீங்க தனி ரூம்."

தனி ஆள் அறைக்குப் பெரும்பாலும் இரண்டு பேர் கட்டணம். அவர் கால்குலேட்டரைத் திறந்தார்.