பிளக் பாயிண்டும் மனிதத் தகுதியும்: வீட்டிலிருந்து வேலை பார்ப்போர் குறித்த ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருளும் எல்லையும்

வீட்டிலிருந்து வேலை பார்ப்பதைப் பற்றி இதுவரை எழுதியவர்கள் லேப்டாப்பைப் பற்றி எழுதினார்கள், நாற்காலியைப் பற்றி எழுதினார்கள், முதுகுவலியைப் பற்றி உருகி உருகி எழுதினார்கள். சுவரில் இருக்கும் மூன்று துளைகளை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அக்குறையைப் போக்க எழுந்ததே இவ்வாய்வு.

இதன் கருதுகோள் வருமாறு: ஒரு வீட்டில் ஒருவருடைய தகுதியை அவருடைய வயதோ, சம்பளமோ, உறவுமுறையோ முடிவு செய்வதில்லை. அவருக்காக எந்தப் பிளக்கைப் பிடுங்குவார்கள் என்பதே முடிவு செய்கிறது.

ஆய்வின் எல்லை, தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கத்தின் இரண்டு படுக்கையறை அடுக்குமாடி வீடு. கள ஆய்வு ஆய்வாளரின் சொந்த வீட்டிலேயே நடத்தப்பட்டது. ஒரே வீட்டை வைத்து முடிவுக்கு வரலாமா என்று கேட்பார் உளராயின், பக்கத்து வீட்டிலும் இதே சண்டைதான் என்பது சுவர் வழியாகவே கேட்கிறது என்க.

2. வரலாற்றுப் பின்னணி

நம் வீடுகளில் இருக்கும் உருண்டை முள் பிளக் இங்கிலாந்தில் 1934-இல் வெளியான பி.எஸ். 546 என்ற தர வரையறையின் வழித்தோன்றல். 1947-இல் அந்நாடு சதுர முள்ளுக்கு ஒரு புதிய வரையறையை எழுதிக்கொண்டது. அதே ஆண்டில் நமக்கும் விடுதலை கிடைத்தது. வெள்ளைக்காரன் போய்விட்டான், உருண்டை முள் இங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டது. இன்று ஐ.எஸ். 1293 என்ற இந்தியத் தரப்படி அதற்கு 6 ஆம்பியர், 16 ஆம்பியர் என்று இரண்டு பிரிவுகள். எலக்ட்ரிகல் கடையில் மட்டும் இன்னும் "அஞ்சு ஆம்ப்ஸா, பதினஞ்சு ஆம்ப்ஸா?" என்றுதான் கேட்பார்கள். தரநிர்ணயம் டெல்லியில் நடக்கலாம்; வழக்கு கடைத்தெருவில்தான் முடிவாகும்.

இனி வீட்டின் வரலாறு. பூச்சு வேலைக்கு முன்னால் எலக்ட்ரீஷியன் கையில் சாக்பீசோடு வந்து, "எங்கெங்க பாயிண்ட் வேணும்னு இப்பவே சொல்லிடுங்க சார், அப்புறம் சுவத்தை உடைக்கணும்" என்பார். அந்நேரத்தில் குடும்பமே கூடி நின்று பட்டியல் கொடுக்கும். டிவிக்கு, ஃப்ரிட்ஜுக்கு, மிக்ஸிக்கு, கிரைண்டருக்கு, கீஸருக்கு, ஏசிக்கு, வாஷிங் மெஷினுக்கு, பூஜை அறையில் சீரியல் லைட்டுக்கு. "இங்கே ஒரு ஆள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து சம்பாதிப்பான், அவனுக்கு ஒன்று" என்று யாரும் சொன்னதாகச் சான்று இல்லை. 2020 மார்ச் 25 அன்று நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது, அலுவலகம் லேப்டாப் பையோடு வீட்டுக்குள் நுழைந்தது. வீட்டில் எல்லாத் துளையிலும் ஏற்கெனவே ஆள் இருந்தது.

3. துளைகளின் வகைப்பாடு

ஆய்வுக்குட்பட்ட வீட்டின் துளைகள் ஐவகைப்படும்.

*நிரந்தரத் துளை.* ஃப்ரிட்ஜ், மீன்தொட்டி ஆகியவற்றுக்குரியது. இதைத் தொட்டவன் இரவோடு இரவாக மாவு புளித்ததற்கும் மீன் செத்ததற்கும் பொறுப்பாவான். "அதுல மட்டும் கை வெச்சுடாத" என்ற தொடர் எல்லா வீட்டிலும் ஒரே சுருதியில் சொல்லப்படுவது கவனிக்கத்தக்கது.

*தெய்வத் துளை.* பூஜை அறையில் உள்ளது. அதில் எரிவதோ ஜீரோ வாட் பல்ப். அதைப் பிடுங்கிவிட்டு போன் சார்ஜ் போட்டவரை ஆய்வாளர் இதுவரை சந்தித்ததில்லை. நாத்திகர் வீட்டில் இத்துளையில் கொசுவிரட்டி இருக்கும். அதையும் பிடுங்க முடியாது.

*வேளைத் துளை.* சமையலறையைச் சேர்ந்தது. காலை எட்டிலிருந்து பத்துவரை மிக்ஸி, கிரைண்டர் ஆகியவற்றின் ஆட்சி. அலுவலகத்தின் காலைக் கூட்டமும் இதே நேரத்தில்தான் வரும். "ஏம்பா, மீட்டிங்கா? ரெண்டே நிமிஷம், தேங்காய மட்டும் அரைச்சுக்கறேன்" என்று அம்மா கேட்பது அனுமதி கோரல் அன்று, முன்னறிவிப்பு. கேள்வி முடியும் முன்பே மிக்ஸி ஓடத் தொடங்கியிருக்கும்.

*மறை துளை.* பீரோவுக்குப் பின்னால், கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் இருப்பது. வீடு கட்டிய காலத்தில் மிகுந்த தொலைநோக்கோடு வைக்கப்பட்டது. இப்போது அங்கே கை நுழையாது. வாடகை வீட்டில் முந்தைய குடித்தனக்காரர் சொல்லித்தான் இப்படி ஒன்று இருப்பதே தெரியவரும்.

*ஆடு துளை.* செருகினால் நிற்காது, நின்றாலும் மின்சாரம் வராது. சார்ஜரைக் கொஞ்சம் இடப்பக்கம் சாய்த்து, அடியில் பழைய பஸ் டிக்கெட்டை மடித்துச் செருகினால் பச்சை விளக்கு எரியும். யாராவது ஹாலில் பலமாக நடந்தால் அணைந்துவிடும். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவருக்கு ஒதுக்கப்படுவது எப்போதும் இதுவே.

4. உயரம் பற்றிய ஒரு குறிப்பு

நம் வீட்டு சுவிட்ச் போர்டு தரையிலிருந்து சுமார் நாலடி உயரத்தில் இருக்கும். நின்றுகொண்டு சுவிட்ச் போடுபவருக்கு அது வசதி. உட்கார்ந்து வேலை பார்ப்பவரை மனத்தில் வைத்து யாரும் அதை அங்கே வைக்கவில்லை. மேசையோ இரண்டரை அடி. ஆகவே லேப்டாப் சார்ஜரின் நடுவிலுள்ள கனத்த கறுப்பு டப்பா மேசையையும் தொடாமல், போர்டிலும் ஒட்டாமல், நடுவானில் திரிசங்குவாகத் தொங்கும். அதன் பாரம் பிளக்கைக் கீழே இழுக்க இழுக்கத் துளை தளரும். தளரத் தளர அது ஆடு துளையாகப் பதவி இறங்கும். இதைத் தடுக்க அந்த டப்பாவுக்கு ஸ்டூல் போட்டு, ஸ்டூலின் மேல் இரண்டு பழைய தீபாவளி மலர்களை அடுக்கி, அதன் மேல் உட்கார வைக்கும் மரபு உருவாகியுள்ளது. வேலை பார்ப்பவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, டப்பா மட்டும் இலக்கியப் பீடத்தில் வீற்றிருக்கும்.

வயரின் நீளமும் இங்கே கருதத்தக்கது. முளைக்குச்சியில் கட்டிய மாடு கயிறு எட்டும் வட்டத்துக்குள் மட்டும் மேய்வது போல, சார்ஜர் வயர் எட்டும் வட்டமே இன்றைய மென்பொருள் வல்லுநரின் உலகம். அவர் நியூ ஜெர்சியோடு பேசுவார். ஜன்னல் ஓரத்துக்குப் போக முடியாது.

5. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இயல்

துளைப் பஞ்சத்துக்கு மருந்தாக வந்தது எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். சுவரிலுள்ள ஒரு துளையை நாலாகவும் ஆறாகவும் பெருக்கிக் காட்டுவது இதன் இயல்பு. துளைதான் பெருகும், மின்சாரம் பெருகாது. 6 ஆம்பியரை 230 வோல்டால் பெருக்கினால் 1380 வாட். லேப்டாப்புக்கு 65, போனுக்கு 20, மானிட்டருக்கு 30, ரவுட்டருக்கு 10 என்று ஆபீஸ் முழுவதையும் செருகினாலும் 125 வாட்தான் வரும். ஆனால் காலியாக ஒரு துளை கண்ணில் பட்டால் தமிழ்க் குடும்பம் சும்மா இருக்காது. "இதுல ஒரு நிமிஷம் அயர்ன் பாக்ஸ் போட்டுக்கறேன்" என்று 1000 வாட் வந்து உட்காரும். இன்னொருவர் ஹேர் டிரையரோடு வருவார். 1380 தாண்டியதும், நல்ல வீடாக இருந்தால் எம்சிபி டிரிப் ஆகும். இல்லையென்றால் பாக்ஸ் சூடாகி, பிளாஸ்டிக் உருகும் வாசனை மீட்டிங்கில் இருப்பவருக்கு முதலில் தெரியும். ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் செருகுவது இதன் அடுத்த படிநிலை. ஆய்வாளர் அதைப் பதிவு மட்டும் செய்கிறார், பரிந்துரைக்கவில்லை.

மூன்று முள்ளில் மேலே இருக்கும் எர்த் முள் மட்டும் நீளமாகவும் தடித்தும் இருப்பதற்குக் காரணம் உண்டு. செருகும்போது அது முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும்; மற்ற துளைகளில் தவறியும் நுழையக் கூடாது. மூடி வைத்த சாக்கெட்டில் மற்ற இரண்டு துளைகளின் கதவைத் திறந்து விடுவதும் அதுவே. எர்த் முள்ளே இல்லாத டூ பின் சார்ஜரோடு வந்த நவீன மனிதன், பால்பாயிண்ட் பேனாவை மேல் துளையில் விட்டுக் கதவைத் திறக்கிறான். பாதுகாப்புக்கு வைத்த பூட்டுக்கு வீட்டுக்கு வீடு கள்ளச்சாவி இருப்பதை இது காட்டுகிறது.

6. சார்ஜர் புலம்பெயர்வு

யூ.எஸ்.பி. டைப்-சி 2014-இல் அறிமுகமானது. இருபத்து நாலு தொடுமுனைகள். தலைகீழாகச் செருகினாலும் ஏற்கும். 2024 டிசம்பர் 28 முதல் போன்களுக்கு இதுவே பொதுச் சார்ஜர் என்று ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது. மின்கழிவு குறையும், நுகர்வோர் அலைய வேண்டாம் என்பது அவர்கள் வாதம்.

கூட்டுக் குடும்பம் ஒன்றில் குடியிருந்து பார்க்காதவர்கள் எழுதிய சட்டம் அது. ஆளுக்கொரு வகைச் சார்ஜர் இருந்த காலத்தில் ஒவ்வொருவர் சார்ஜரும் அவரவரிடம் பத்திரமாக இருந்தது. யாருடையது யாருக்கும் பொருந்தாது என்பதே அதன் காவல். எல்லாம் ஒன்றானதும் எல்லாம் பொதுச்சொத்தாயின. மாமனார் ஹாலில் கழற்றியது மைத்துனன் அறைக்குப் போகும். அங்கிருந்து கல்லூரிக்குப் போகும். திரும்பி வரும்போது வயர் மட்டும் வரும், தலை வராது. "இங்கதான வெச்சேன், யாருடா எடுத்தது?" என்ற வினாவுக்கு விடை வராது, எல்லாரும் தத்தம் போனையே பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவற்றுள் ஒன்று சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்.

7. மின்தடைக் காலம்

மாதாந்திரப் பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் இரண்டு மணி வரை மின்தடை என்று நாளிதழில் வரும் அறிவிப்பு, வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் பஞ்சாங்கம். முகூர்த்த நாளைப் பார்க்காதவரும் இதைப் பார்ப்பார்.

2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் நுழைந்தது இன்வெர்ட்டர். 150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரி என்றால் ஏட்டுக் கணக்கில் 1800 வாட்-மணி. லேப்டாப்புக்கு அது தாராளம். ஆனால் இன்வெர்ட்டர் லைன் இழுத்தபோதும் ஹால் ஃபேன், ஹால் லைட் என்றுதான் சொல்லியிருப்பார்கள்; பிளக் பாயிண்டுக்கு லைன் கொடுத்தால் யாராவது அயர்ன் பாக்ஸைச் செருகிவிடுவார்கள் என்று எலக்ட்ரீஷியனே தடுத்திருப்பார். மேலே ஐந்தாம் இயலைப் படித்தோர் அவரைக் குறை கூறார்.

ஒரு ஃபேஸ் மட்டும் போகும் நாள் இதனினும் கொடிது. சமையலறையில் மிக்ஸி ஓடும், படுக்கையறையில் ஏசி ஓடும், வேலை பார்ப்பவர் மூலை மட்டும் இருளும். வீட்டில் எல்லாருக்கும் கரண்ட் இருக்கையில் ஒருவருக்கு மட்டும் இல்லை என்பதை மேலாளர் நம்புவதில்லை.

8. தடையும் விடையும்

அற்றேல், லேப்டாப்புக்குத்தான் பேட்டரி உண்டே, பிளக் எதற்கு எனின்: லித்தியம் அயனி பேட்டரி சார்ஜ் ஏறி இறங்கும் ஒவ்வொரு சுழற்சிக்கும் சிறிது திறன் இழக்கும். எப்போதும் நூறு சதவீதத்திலேயே செருகி வைத்தாலும், சூட்டில் வைத்தாலும் இன்னும் விரைவாக இழக்கும். எப்போது யார் பிடுங்குவார்களோ என்ற அச்சத்தால் நம்மவர் நாள் முழுக்கச் செருகியே வைக்கிறார், அதுவும் சென்னை வெயிலில். அதனால் பேட்டரி நோஞ்சானாகிறது. நோஞ்சானானதால் பிளக்கை விட்டு நகர முடிவதில்லை. அச்சமே அடிமைத்தனத்தை ஆக்கிற்று என்க.

அற்றேல், வை-ஃபை கம்பியில்லாதது அன்றோ எனின்: ரவுட்டருக்குக் கம்பி உண்டு. ஃபைபர் கேபிள்காரர் எந்த ஜன்னல் வழியே நுழைந்தாரோ அங்கேயே, பரணுக்குப் பக்கத்தில், அதை மாட்டிவிட்டுப் போயிருப்பார். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடந்து வரும், ஆனால் மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, இரண்டு சுவருக்கு அப்பால் மூச்சு வாங்கும். ஆக, பக்கத்தில் போய் உட்கார வேண்டும். பக்கத்தில் உட்கார அங்கே பிளக் இல்லை.

9. முடிவும் பரிந்துரையும்

மேற்கண்ட சான்றுகளால் பெறப்படுவது: வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர் அவ்வீட்டின் மின்சாதனப் பட்டியலில் கடைசியாகச் சேர்க்கப்பட்ட சாதனம். ஃப்ரிட்ஜுக்காக அவர் பிளக்கைப் பிடுங்குவார்கள். அவருக்காகக் கொசுவிரட்டியைக்கூடப் பிடுங்கமாட்டார்கள். ஃப்ரிட்ஜ் நின்றால் வீட்டிலுள்ள எல்லாருக்கும் தெரியும். அவர் நின்றால் அவருடைய மேலாளருக்கு மட்டும் தெரியும்.

எனவே பரிந்துரை ஒன்றே. மேசை உயரத்தில், வேலை பார்ப்பவருக்கென்று, இன்வெர்ட்டர் லைனோடு சேர்த்து ஒரு தனிப் பாயிண்ட் வைத்தல் வேண்டும்.

ஆய்வறிக்கை வீட்டில் முறைப்படி சமர்ப்பிக்கப்பட்டது. நியாயம்தான் என்று எல்லாரும் ஏகமனதாக ஏற்றார்கள். எலக்ட்ரீஷியன் சாக்பீசோடு வந்தார், சுவரை உடைத்தார், மேசை உயரத்தில் அழகாக ஒரு 16 ஆம்பியர் பாயிண்ட் வைத்தார். அன்று மாலையே ஏர் ஃப்ரையர் வந்து இறங்கியது.